நாலாம் நம்பர் கம்ப்யூட்டரில் நாலு வரி

ஓடிப்போன பெண்ணைத் தேடுவதைவிட, ஓடிப்போகாத பெண்ணைத் தேடுவதுதான் கஷ்டம். முன்னவளை நாலு பேராவது தேடுவார்கள். பின்னவள் விஷயத்தில் போலீஸ் ஒரு மின்னஞ்சலை நீட்டி, "அவங்களே எழுதிட்டாங்களே" என்று கோப்பை மூடிவிடும். அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு சமுதாய நூலகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நாங்கள் மூன்று பேர் உள்ளே போனபோது, எங்களிடம் இருந்ததும் அந்த மின்னஞ்சல் ஒன்றுதான்.

மூன்று பேரில் முதல் ஆள் என் முதலாளி. இருபது வருடம் கோர்ட்டில் சுருக்கெழுத்தாளராக இருந்து, பொய்யைக் கேட்டு எழுதி எழுதி அலுத்துப்போய், அதைக் கண்டுபிடிக்கிற தொழிலுக்கு வந்தவர். ஊர் அவரை ஸ்டெனோ என்கிறது, நான் மேடம் என்கிறேன். இரண்டாவது நான். டிரைவிங் ஸ்கூலில் பதினைந்து வருடம் சொல்லிக்கொடுத்த பாவத்துக்கு, யார் வண்டி ஓட்டினாலும் பக்கத்தில் உட்கார்ந்து என் வலது கால் தானாக பிரேக்கைத் தேடும். அதனால் மேடம் எனக்கு வைத்த பெயரே பிரேக். மூன்றாவது, வழக்கைக் கொண்டுவந்த அக்கா. ரொட்டிக் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். காணாமல் போனது அவருடைய ஒரே தங்கை.

மின்னஞ்சல் இவ்வளவுதான்:

'அக்கா, நான் என் விருப்பப்படி போகிறேன். அவருக்கு நான் ஏற்றவள் இல்லை. என்னைத் தேட வேண்டாம். நான் நன்றாக இருப்பேன்.'

போன வாரம் செவ்வாய்க்கிழமை, இந்த நூலகத்தின் நாலாம் நம்பர் கம்ப்யூட்டரிலிருந்து, தங்கையின் நூலக அட்டையைப் பதிவு செய்து அனுப்பப்பட்டது. ஒன்பது நாளாகிவிட்டது. தங்கையின் கணவன் தினமும் சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து, அக்காவின் சின்னப் பெண்ணோடு சோபாவில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிவிட்டுப் போகிறான். காலியான கட்டடங்களுக்குக் காவல் போடும் ஏஜென்சியில் அவன் மேற்பார்வையாளன். பதினோரு கட்டடங்களின் சாவி அவன் இடுப்பில் தொங்குகிறது.

"அவ எழுதியிருக்க மாட்டா. அவன்தான் அவ கார்டை எடுத்துட்டு வந்து அடிச்சிருக்கான்" என்றார் அக்கா, நூறாவது தடவையாக.

அதை நிரூபிக்கத்தான் வந்திருந்தோம். அந்த நாற்காலியில் தங்கை உட்காரவில்லை என்று ஒரு சாட்சி கிடைத்தால் போதும், மூடின கோப்பைத் திறந்துதான் ஆக வேண்டும்.

கம்ப்யூட்டர் பகுதியில் மரத் தடுப்புகளுக்கு நடுவே எட்டு இயந்திரங்கள். ஒருவர் வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் கீபோர்டை மோந்து பார்ப்பதுபோலக் குனிந்தார். ஒரு பெண் ஆஸ்பத்திரிச் சீட்டை ஸ்கேன் செய்யக் காத்திருந்தாள். வீட்டில் இன்டர்நெட் இருப்பவர்கள் யாரும் இங்கே வருவதில்லை. வருகிறவர்கள் எல்லோர் முகத்திலும் ஏதோ ஒரு கடைசி தேதி எழுதியிருந்தது.

கவுண்டரில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள். ஆள்காட்டி விரலில் ரப்பர் உறை, கழுத்தில் சங்கிலி போட்ட கண்ணாடி. இந்தக் கம்ப்யூட்டர்களைப் பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவர். இனி அவர் கவுண்டர் அம்மா.

"அன்னைக்கு நாலாம் நம்பர்ல என்ன பார்த்தாங்க, என்ன அடிச்சாங்கன்னு எடுத்துக் காட்ட முடியுமா?" என்று கேட்டார் மேடம்.

"முடியாதுங்க. ஆள் எழுந்ததும் மெஷின் எல்லாத்தையும் அழிச்சிடும். இங்க வர்றவங்க என்ன பார்க்கிறாங்கன்னு நாங்களும் எட்டிப் பார்க்கிறதில்ல. அது எங்க ஒழுங்கு."

"எங்க மாமனார் மாதிரி மேடம். நாம வாசலைத் தாண்டினதும் நாம செஞ்ச உதவியெல்லாம் அழிஞ்சிடும்" என்றேன்.

"பிரேக், மிதி" என்றார் மேடம். வாயை மூடு என்று அர்த்தம்.

அக்கா தங்கையின் புகைப்படத்தை நீட்டினார். நாங்கள் எதிர்பார்த்த பதில், 'இவங்க இல்லையே' என்பது. கவுண்டர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்த உடனே தலையை ஆட்டினார்.

"இவங்கதான். அடிக்கடி வருவாங்களே. செவ்வாய்க்கிழமையும் இவங்கதான் வந்தாங்க. கையெழுத்துப் போட்டாங்க, நாலாம் நம்பர்ல உட்கார்ந்தாங்க. போலீஸ்லயும் இதைத்தான் சொன்னேன்."

"மிரட்டுற மாதிரி யாராவது கூட நின்னாங்களா?" என்றார் மேடம்.

"ஒரு நாற்காலிக்கு ஒரு ஆள்தாங்க. தனியாத்தான் இருந்தாங்க."

அக்கா பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ அவளேதான் எழுதினாளா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார். எங்கள் வழக்கு பத்து நிமிடத்தில் படுத்துவிட்டது. எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. கணவனைப் பார்க்காமலேயே அவன்மேல் பழி போட்டுவிட்டோமோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

மேடம் மட்டும் அசரவில்லை. கவுண்டர்மேல் கிடந்த நீளமான பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார்.

"இதைப் பார்க்கலாம் இல்லையா?"

"இது வெறும் நேரம்தாங்க. பாருங்க."

செவ்வாய்க்கிழமைப் பக்கம். நாலாம் நம்பர். ஆரம்பம் 11.00. நீட்டிப்பு 11.28. முடிவு 11.41. பிரிண்ட்: 1.

"உங்க தங்கச்சிக்கு என்ன வேலை?" மேடம் அக்காவிடம் கேட்டார்.

"டேட்டா என்ட்ரிங்க. எங்கிட்ட பேசிக்கிட்டே அடிப்பா. வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் ஓடும். ஒரு நாளைக்கு நானூறு பாரம் முடிப்பா."

"நானூறு பாரம் முடிக்கிறவங்க, நாலு வரிக்கு நாற்பத்தொரு நிமிஷம் எடுத்துக்கிட்டாங்க."

"நான் ஒத்தை விரல்ல அடிச்சாலே அஞ்சு நிமிஷம் மேடம்" என்றேன்.

"அதான் கேக்கிறேன். ஏன் இவ்வளவு மெதுவா?" மேடத்தின் விரல் 11.28-இல் நின்றது. "இந்த நீட்டிப்பு எப்படிக் கொடுப்பீங்க?"

கவுண்டர் அம்மா விளக்கினார். ஒருவருக்கு அரை மணி நேரம். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது திரையில் மஞ்சள் கட்டம் வரும். மேற்கொண்டு பதினைந்து நிமிடம் வேண்டுமென்றால், கவுண்டருக்கு நேரில் வந்து அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் திரை பூட்டிக்கொள்ளும், அடித்தது அத்தனையும் போய்விடும்.

"அப்போ 11.00 மணிக் கையெழுத்தும் 11.28 கையெழுத்தும் ஒரே ஆளோடதா இருக்கணும். இங்க ஏன் வேற வேறயா இருக்கு?"

நானும் எட்டிப் பார்த்தேன். முதல் கையெழுத்து பொடிப் பொடியாக, சாய்வாக. இரண்டாவது, பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி.

கவுண்டர் அம்மா நெற்றியைச் சுருக்கினார். "ஆமாம், அன்னைக்கு பக்கத்து சீட்டுக்காரர் வந்தார். அஞ்சாம் நம்பர்ல இருந்தவர். 'அவங்க பாதியில இருக்காங்க, நான் போட்டுடறேன்'னு அவங்க கார்டையும் காட்டினார். யாரோ நல்ல மனுஷன்னு விட்டுட்டேன்."

அக்கா எழுந்து வந்தார். செல்போனில் ஒரு படத்தைத் திறந்து காட்டினார். கல்யாண வீட்டுப் படம், தங்கையின் தோளில் கை போட்டுச் சிரிக்கிற கணவன்.

"இவர்தாங்க" என்றார் கவுண்டர் அம்மா. குரல் இறங்கிவிட்டது. "இவர் அவங்களுக்கு யாரு?"

"அவ புருஷன்" என்றார் அக்கா. முன்பின் தெரியாதவன்போல அடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தடுப்புக்கு மேலாக ஒவ்வொரு வரியையும் பார்த்திருக்கிறான். தங்கை தனியாக, சொந்தமாக வந்து எழுதினாள் என்று நாலு பேர் சாட்சி சொல்ல வேண்டும், அதற்குத்தான் இந்த நூலகம். கவுண்டர் அம்மா போலீஸிடம் அதை அவனுக்காக அட்சரம் பிசகாமல் சொல்லியும் இருக்கிறார்.

"அவளுக்கு இந்த இடம் அத்துப்படி" என்றார் மேடம். "அரை மணியில நேரம் முடியும், யாராவது எழுந்து கவுண்டருக்கு வந்தாகணும்னு தெரியும். முதல் தடவை வரிசையில பின்னாலேயே நின்னிருப்பான், மறுபடி தனியா அவளைக் கவுண்டர் பக்கம் விடமாட்டான், அவனேதான் போவான்னும் தெரியும். அதனாலதான் ஒவ்வொரு எழுத்தா அடிச்சு நேரத்தை ஓட்டியிருக்கா. ஒரு ரெண்டு நிமிஷம் கிடைக்கிறதுக்காக."

"அந்த ரெண்டு நிமிஷத்துல எழுந்து ஓடியிருக்கலாமே மேடம்? கத்தியிருக்கலாமே?"

"அதுக்கும் ஏதாவது காரணம் இருக்கும். ஓடலை, கத்தலை. ஒரு பக்கம் பிரிண்ட் கொடுத்திருக்கா. பிரிண்டர் எங்கங்க இருக்கு?"

கவுண்டர் அம்மா தன் முதுகுக்குப் பின்னால் கை காட்டினார். கவுண்டரிலிருந்து ஒரு முழ தூரம். அவன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவன் கண்ணெதிரே கரகரவென்று ஓடி அந்தத் தாளைத் துப்பியிருக்கிறது.

"அவன் பார்த்திருப்பானே!" என்றார் அக்கா.

"பார்த்திருக்க மாட்டார்" என்றார் கவுண்டர் அம்மா. "இந்த பிரிண்டர்ல தாள் கவிழ்ந்துதான் விழும். எழுத்து கீழ்ப்பக்கம் போயிடும். கேட்டு வர்றவங்களுக்கு அப்படியே கவிழ்த்த மேனிக்கு எடுத்துக் கொடுப்பேன். திருப்பிப் பார்க்கிறதே இல்ல. ஜாதகம் இருக்கும், டாக்டர் ரிப்போர்ட் இருக்கும், கோர்ட் நோட்டீஸ் இருக்கும். அடுத்தவங்க காகிதம் இல்லையா?"

"இவங்க கேட்டு வரலை. அந்தத் தாள் என்ன ஆச்சு?"

கவுண்டர் அம்மாவின் பார்வை கவுண்டர் ஓரத்திலிருந்த அட்டைப் பெட்டிக்குப் போனது. அதன்மேல் 'குறிப்புச் சீட்டு, தேவைக்கு எடுத்துக்கொள்ளவும்' என்று எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே, நாலாக வெட்டிய தாள்கள். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் யாருடைய அச்சோ.

"சாயங்காலம் கேட்பாரில்லாம கிடக்கிற தாளையெல்லாம் நாலா வெட்டி இதுல போட்டுடுவேன். வீணாக வேண்டாமேன்னு" என்றார்.

மேடம் சட்டென்று அக்கா பக்கம் திரும்பினார். "சனிக்கிழமை நீங்க இங்க வந்து விசாரிச்சதா சொன்னீங்களே. இவங்க ஏதாவது எழுதிக் கொடுத்தாங்களா?"

"நேரத்தை எழுதிக் கொடுத்தாங்க. போட்டோ காட்டிக் கேட்க அன்னைக்குத் தோணலை. போலீஸ்ல காட்டலாம்னு பத்திரமா வச்சிருக்கேன்."

அக்கா கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்து ஒரு சீட்டை எடுத்தார். நேர்த்தியான கையெழுத்தில், 'கணினி 4, செவ்வாய், 11.00 முதல் 11.41'. மேடம் அதை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் ஏதாவது அச்சாகியிருக்கும் என்பது அந்த நூலகத்துக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததாலேயே யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

அக்கா ஐந்து நாளாகக் கைப்பையில் வைத்திருந்த சீட்டின் பின்பக்கத்தில் ஐந்து அரை வரிகள் இருந்தன.

'இதை அவரிடம் காட்டாதீங்க.
என் கணவர். இந்த மெயில்
அக்கா பொண்ணை ஏதாவது செய்வார்.
மாடியில என்னைப் பூட்டி
என் அக்கா நம்பர்'

கடைசி வரியை ஒட்டி அக்காவின் செல்போன் எண் இருந்தது. அக்கா அந்த எண்ணை வாய்விட்டுப் படித்தார், ஏதோ அந்நிய எண்ணைப் படிப்பதுபோல. பிறகு கத்தினார். எட்டு கம்ப்யூட்டர்களிலிருந்தும் தலைகள் எழுந்தன.

"மாடின்னா எந்த மாடி?" என்றேன். "அவன்கிட்ட பதினோரு கட்டடம் இருக்கு மேடம்."

"இடப்பக்கத் துண்டு வேணும். பிரேக், கொட்டு!"

பெட்டியைத் தரையில் கவிழ்த்தேன். ஸ்கேனுக்குக் காத்திருந்த பெண்ணும், விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தவரும் கேட்காமலேயே வந்து குனிந்தார்கள். பேருந்து டிக்கெட்டின் கால்பாகம், யாருடையதோ மதிப்பெண் பட்டியலின் கால்பாகம், குட்டி பூனைப் படத்தின் வால். முந்நூறு சீட்டாவது இருக்கும். எல்லாவற்றையும் திருப்பிவிட்டோம். அது இல்லை.

"இல்லைன்னா, யாரோ எடுத்துட்டாங்க. எடுத்த சீட்டை இங்க என்ன பண்ணுவாங்க?" என்றார் மேடம். "வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வேற?"

"முன்பதிவுக்கு எழுதிக் கொடுப்பாங்க" என்றார் கவுண்டர் அம்மா. மேஜைக்கடியிலிருந்து ஒரு இரும்புக் கம்பியை எடுத்து வைத்தார். கட்டையில் நட்டு நிமிர்த்திய கம்பி. பேரும் நேரமும் எழுதிய சீட்டுகள் அதில் ஒரு சாண் உயரத்துக்குக் குத்தியிருந்தன. அவசரத்தில் அவர் உருவிய முதல் சீட்டே கிழிந்தது. மேடம் கம்பியை வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாக உருவித் திருப்பினார். புதன், செவ்வாய், திங்கள். திங்கட்கிழமைக் கட்டில் ஏழாவது சீட்டு. யாரோ பென்ஷன்காரர் இரண்டாம் நம்பர் கம்ப்யூட்டருக்கு பென்சிலால் எழுதிக் கொடுத்தது. பின்பக்கம், நடுவில் கம்பி ஓட்டையோடு:

'கவுண்டர் அக்கா, தயவுசெய்து
உங்க முன்னால நிற்கிறவர்
நானா எழுதலை. கத்தினா
பழைய டெலிபோன் ஆபீஸ்
வச்சிருக்கார். பேட்டரி ரூம்.'

மேடம் இரண்டு துண்டையும் சேர்த்து வைத்தார். கச்சிதமாகப் பொருந்தின. கவுண்டர் அம்மா நேராக வெட்டுகிறவர்.

மேடம் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டு, நாலு வாக்கியம் பேசினார். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்ததும், "நீங்க வர்றதுக்குள்ள பூட்டை உடைச்சிருப்போம். கேஸ் போடணும்னா அப்புறமா எங்க மேல போட்டுக்குங்க" என்று வைத்துவிட்டார்.

வண்டியை நான்தான் ஓட்டினேன். பதினைந்து வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதிகளில் எதையும் அன்று நான் மதிக்கவில்லை. பழைய டெலிபோன் ஆபீஸ் நாலு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. கேபிள் பிடுங்கிய சுவர்கள், எலிப் புழுக்கை, மாடிப்படி முழுக்கப் புறா எச்சம். பேட்டரி ரூமுக்கு ஜன்னல் கிடையாது. இரும்புக் கதவில் பூட்டு மட்டும் புத்தம் புதிது. ஜாக்கி லீவரால் நான் அதைப் பெயர்த்தபோது போலீஸும் வந்துவிட்டது.

டார்ச் வெளிச்சத்தில் ஒரு மூலையில் அவள் கிடந்தாள். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில், அடியில் ஒரு விரற்கடை தண்ணீர். மூச்சு இருந்தது. அக்கா அவளை மடியில் போட்டுக்கொண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

கணவனை ஒரு மணிக்குப் பிடித்தார்கள். அக்கா வீட்டு வாசலில், விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு டெலிபோன் ஆபீஸ் பக்கம் போகவேயில்லை என்று அவனே சொன்னான். "அது தானா முடிஞ்சிடும்னு விட்டுட்டேன்" என்றானாம். அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்ட கான்ஸ்டபிள் எழுந்து வெளியே போய்விட்டார் என்று கேள்வி.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களிடம் பேசினார். சிறுநீரகம் இரண்டும் அடிவாங்கியிருக்கிறது, இரண்டு நாள் போகாமல் எதுவும் சொல்ல முடியாது, நினைவு வந்திருக்கிறது, அதிகம் பேசவிடாதீர்கள். அப்போது நடைபாதைக் கோடியில் கவுண்டர் அம்மா வந்து நின்றார். விரலில் ரப்பர் உறை இன்னும் அப்படியே இருந்தது. நூலகத்தை நேரத்துக்கு முன்பே மூடிவிட்டு வந்ததாகச் சொன்னார். உள்ளே போகவா வேண்டாமா என்று மேடத்தைப் பார்த்தார். அதற்குள் அக்கா வெளியே வந்தார்.

"கவுண்டர் அக்கா வந்திருக்காங்களான்னு கேக்கிறா" என்றார். "உங்களைப் பார்க்கணுமாம்."

நாங்களும் பின்னாலேயே போனோம். கட்டிலில் அவள் இருந்த இடம் தெரியவில்லை, அவ்வளவு சிறுத்திருந்தாள். கவுண்டர் அம்மாவைப் பார்த்ததும் குழாய் செருகிய கையை நீட்டி அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க படிச்சிடுவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. "அந்த பிரிண்டர் சத்தம் கேட்டதுமே நிம்மதியாயிடுச்சு. கீழே வண்டிச் சத்தம் கேட்டா, நீங்க அனுப்பின ஆளுங்கதான்னு நெனப்பேன். வரத்தானே போறாங்கன்னுதான் தண்ணியை மூடியில ஊத்தி, ஊத்தி... ரொம்ப நன்றிக்கா."

சும்மா தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவளுக்கும் அன்றைக்கு அதுதான் நல்லது என்று மேடம்கூட நினைத்திருக்க வேண்டும், ஏனென்றால் கவுண்டர் அம்மாவின் தோளை மெதுவாகத் தொட்டார். ஆனால் அந்த அம்மாளால் இன்னொருத்தருடைய நன்றியை எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"நான் படிக்கலைம்மா."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"திருப்பியே பார்க்கலை. சாயங்காலம் நாலா வெட்டிப் பெட்டியில போட்டுட்டேன். இன்னைக்குக் காலையில இவங்க வந்து தேடினப்புறம்தான் எனக்கே தெரியும்."

தங்கை அக்காவைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். யாராவது இல்லை என்று சொல்லமாட்டோமா என்றுதான்.

"அப்போ இத்தனை நாளும்," என்றாள், "யாருமே வந்துக்கிட்டிருக்கலையா?"

"இல்லம்மா" என்றார் கவுண்டர் அம்மா.

அவள் விரல்களை விட்டுவிட்டு, அக்கா பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.